கிறிஸ்தவர்கள் கேலி, நையாண்டி செய்யலாமா?

வேதத்தில் எபேசியர் 5:4 பரியாசம், அதாவது கேலி, தகாது என்கிறதே, அப்படியானால் நகைச்சுவையே கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கூடும் என்பதே என் பதில். அந்த வசனத்தை முந்திய வசனத்தோடு சேர்த்துப் படியுங்கள். வேசித்தனம், அசுத்தம், பொருளாசை என்று சொல்லிக்கொண்டு வரும்போதுதான் அதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் பரியாசத்தையும் குறிப்பிடுகிறார். அவர் விலக்கச் சொல்வது அசிங்கமான பேச்சை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

வேதத்திலேயே நையாண்டி உண்டு. கர்மேல் மலையில் பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் காலையிலிருந்து மத்தியானம் வரை அவனைக் கூப்பிட்டும் பதில் இல்லை. இன்னும் சத்தமாய்க் கூப்பிடுங்கள், அவன் பிரயாணம் போயிருப்பான், தூங்கினாலும் தூங்குவான் என்கிறார் கர்த்தரின் தீர்க்கதரிசி எலியா (1 இராஜாக்கள் 18:27). எதிரே நின்றவர்கள் 450 பேர், அரசி யேசபேலின் பந்தியில் சாப்பிடுகிறவர்கள். இவர் தனி ஆள். இயேசுவும் அப்படித்தான். சீரகத்தில்கூட தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்ட மதத் தலைவர்களான வேதபாரகரையும் பரிசேயரையும் பார்த்து, கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்களே என்றார். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடமோ, குஷ்டரோகியிடமோ அவர் அப்படிப் பேசவே இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: கேலி யார்மேல் போய் விழுகிறது? ஒரு ஜெபக்கூட்டத்தில், வாய்விட்டு ஜெபிக்கத் திணறிய ஒருவரைப் போலவே இன்னொருவர் பிறகு பேசிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், திணறியவரும் சிரித்தார். அப்புறம் அவர் வாய்விட்டு ஜெபித்து நான் கேட்கவில்லை. 'விளையாட்டுக்குத்தானே' என்ற சமாதானத்தை நீதிமொழிகள் 26:18-19 ஏற்பதே இல்லை. அப்படிச் சொல்பவனைக் கொள்ளியும் அம்பும் எறிகிற பைத்தியக்காரனுக்கு ஒப்பிடுகிறது. முள்முடி சூட்டி, முழங்கால்படியிட்டு, 'யூதருடைய ராஜாவே, வாழ்க' என்று போர்ச்சேவகர் பரியாசம் பண்ணியது நம் ஆண்டவர் இயேசுவைத்தான். அதை அறிந்த நாம் எளியவரைப் பார்த்துச் சிரிப்பது எப்படி?

சபைக்குள் இருப்பவர்களையே இடித்துச் சொல்ல வேண்டி வந்தால், 2 கொரிந்தியர் 12-ஐப் பாருங்கள். கொரிந்து சபையாரிடம் பணம் வாங்காமல் ஊழியம் செய்ததற்காக, "இந்த அநியாயத்தை எனக்கு மன்னியுங்கள்" என்கிறார் பவுல். நல்ல குத்தல்தான். ஆனால் இரண்டே வசனம் தள்ளி, அதே ஆட்களுக்காகத் தன்னையே செலவழிக்கவும் சந்தோஷம் என்று எழுதுகிறார்.