ஆரஞ்சு அலர்ட்டுன்னா உடனே ஆளை அனுப்பிடணுமா?

சார், மும்பை சயன் குடோன்ல எமர்ஜென்சி பொறுப்பு உங்க தலைல, மழைக்கு ஆரஞ்சு அலர்ட்டுனு எல்லாரையும் மதியமே அனுப்பிட்டீங்க, வெயில் பல்ல இளிச்சிடுச்சு, முதலாளி திட்டுறாரு, அதானே? நானும் மாட்டுங்கால இதே மாதிரி வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான்.

அந்தக் கலர் மாவட்டத்துக்குப் போடுறது, உங்க தெருவுக்கு இல்ல. 2005 ஜூலை 26 அன்னிக்கு சாந்தாகுரூஸ்ல 944 மி.மீ., கொலாபால நூறு கூட இல்ல, ரெண்டும் மும்பைதான். ஆரஞ்சுன்னா தயாரா இருங்கன்னு அர்த்தம், சிவப்புதான் நடவடிக்கை.

காலைல வானிலைத் துறையோட (ஐஎம்டி) ஆல் இந்தியா புல்லட்டின் பாருங்க, ஆனா அது ஸ்டாக்கை மேல ஏத்த, ஷிப்ட் மாத்தத்தான். ஆளை அனுப்பணுமான்னு முடிவு பண்ண அடுத்த 3 மணி நேரத்துக்கு மட்டும் சொல்ற நௌகாஸ்டும், மழை மேகத்தைக் காட்டுற ரேடாரும்தான் பாக்கணும்.

எல்லாரும் மறக்குறது கடலை. கடல் ஏறி வர்ற ஹை டைட் 4.5 மீட்டர் தாண்டுற நேரத்துல பெருமழை அடிச்சா தண்ணி கடலுக்குப் போகாது, சாக்கடை வழியா திரும்பி மேல வரும், அதே 100 மி.மீ. நாள் பூரா பெஞ்சா ஒண்ணும் ஆகாது, ரெண்டு மணி நேரத்துல கொட்டுனா காந்தி மார்க்கெட் பக்கம் முட்டியளவு நிக்கும். நான் டைட் நேரத்தை காலண்டர்லயே சிவப்புப் பேனால எழுதி வச்சிருக்கேன், வாட்ச்மேனுக்கும் அது மனப்பாடம்.

முதலாளிகிட்ட அந்தக் காலண்டரைக் காட்டுங்க சார், வானத்தைக் காட்டாதீங்க. சந்தேகம்னா மாநகராட்சி ஹெல்ப்லைன் 1916க்கு அடிச்சுக் கேளுங்க.