வேகமாக வீசியும் ஏன் அடிக்கிறார்கள்?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். 14 வயது மகன் பள்ளி பேஸ்பால் அணியில் பிட்சர் (பந்து வீசுபவன்). மணிக்கு 75 மைல் வேகத்தில் வீசுகிறான், ஆனாலும் அடித்துவிடுகிறார்கள். கனமான பந்துகளை வைத்து 6 வாரத்தில் 5 மைல் கூட்டித் தருவதாக ஒரு தனிப் பயிற்சியாளர் சொல்கிறார். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் பணத்தைக் கட்டாதீர்கள்.

2018ல் வந்த ஓர் ஆய்வில் 13 முதல் 18 வயதுப் பிள்ளைகள் இதே மாதிரியான 6 வாரப் பயிற்சியைச் செய்தார்கள். வேகம் கொஞ்சம் கூடியது. ஆனால் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்குக் கையில் காயம் வந்தது. விற்கிறவர்கள் முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்கள். ரேடார் கருவியில் தெரியும் எண்ணை வைத்தே பிள்ளைகளை எடைபோடும் வழக்கம் இருக்கும்வரை இந்த வியாபாரம் ஓயாது. எனக்கு ஆத்திரமே வருகிறது.

சரி, ஏன் அடிக்கிறார்கள்? ஒரே வேகத்தில், ஒரே இடத்துக்கு வீசுவதால்தான். ஜேமி மோயர் என்ற பிட்சரின் ஃபாஸ்ட்பால், அதாவது வேகப்பந்து, 80 மைலைச் சுற்றித்தான் இருந்தது. அவர் பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் 269 ஆட்டங்களை வென்றார். மட்டையை வீசுவதா வேண்டாமா என்று அடிப்பவர் பந்து பாதி வழி வருவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். அதனால் மகன் அதே கைவீச்சில் 8, 10 மைல் குறைத்து சேஞ்ச்அப் என்ற மெதுவான பந்தை வீசப் பழகட்டும். அதற்குப் பிறகு வரும் 75 மைல் பந்து அடிப்பவருக்கு இன்னும் வேகமாகத் தெரியும்.

அடுத்தது சுழற்சி. பந்தைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போட்டு, நான்கு தையல் பிடியில் (விரல்கள் தையலுக்குக் குறுக்கே) வீசச் சொல்லுங்கள். கோடு ஆடாமல் நேராகத் தெரிந்தால் விரல்கள் பந்தின் பின்புறத்தில் சரியாக இருக்கின்றன. தள்ளாடினால் பக்கவாட்டில் வழுக்குகின்றன என்று அர்த்தம். சுத்தமான பின்சுழற்சி உள்ள பந்து அடிப்பவர் எதிர்பார்க்கும் அளவுக்குத் தாழாது, மட்டை அதற்குக் கீழே போய்விடும். அப்படிப்பட்ட பந்தை நெஞ்சுக்குச் சற்றுக் கீழே, ஸ்ட்ரைக் எல்லையின் (சரியான பந்தாகக் கணக்காகும் பரப்பின்) மேல்பகுதியில் வீசலாம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். சில பையன்களுக்குப் பந்து இயல்பாகவே கீழே இறங்கும், வீசும் கைப்பக்கமாகவும் விலகும். கை தாழ்ந்து வருகிறவர்களிடம் இது அதிகம். அப்படிப்பட்ட பந்தை மேலே வீசினால் அது இறங்கி நேராக மட்டைக்கே வரும். அவர்கள் முழங்கால் உயரத்தில்தான் வீச வேண்டும். அடித்தாலும் பந்து தரையில் உருளும். ‘எல்லாரும் மேலேதான் வீச வேண்டும்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் நின்று, அவன் பந்து எந்த ரகம் என்று 20 பந்துகளாவது பாருங்கள்.

அப்புறம், ஓய்வு. மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் வகுத்த பிட்ச் ஸ்மார்ட் விதிப்படி 13, 14 வயதில் ஒரு நாளைக்கு 95 பந்துகள்தான் உச்சம். 66 பந்துகளோ அதற்கு மேலோ வீசினால் 4 நாள் ஓய்வு. பள்ளி அணி ஒரு கணக்கு வைக்கும், கிளப் அணி இன்னொரு கணக்கு வைக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்க அங்கே ஆள் கிடையாது. நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.