வைமாரில் இரண்டு கதிரைகள்

ஐயா,

சின்ன வயதில் மட்டக்களப்பிலிருந்து ஜேர்மனிக்கு வந்து இங்கேயே படித்தவன் நான். அண்மையில் வைமார் நகருக்குப் போனேன். பாரசீகக் கவிஞர் ஹாபிஸை நினைத்து, அவரும் ஜேர்மன் கவிஞர் கோதேயும் பேசிக்கொண்டிருப்பதுபோல எதிரெதிரே இரண்டு கருங்கல் கதிரைகள் வைத்திருக்கிறார்கள். நம் காந்தி பூங்காவிலும் ஷேக்ஸ்பியருக்கோ தாகூருக்கோ ஒரு சிலை வைத்தால் என்ன? காசு நாங்கள் சேர்த்துத் தருவோம். யாருக்கு வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டும் வாவிக்கரைப் பூங்காவை நினைக்கிறீரே, சந்தோசம். அந்தக் கதிரைகளைப் பற்றி நானும் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். காசு, இடம், அனுமதி எல்லாம் மாநகர சபையோடு பேசுகிற சங்கதி. அதை விடும்.

கதிரைகளைப் பார்த்த நீர், அவை எப்படி அங்கே வந்தன என்று பார்த்தீரா? 2000இல் இரண்டு நாட்டு ஜனாதிபதிகள் வந்து திறந்ததைச் சொல்லவில்லை. கோதே ஈரானுக்குப் போனவரே இல்லை. 1814இல், அறுபதைத் தாண்டிய வயதில், ஹாபிஸை மொழிபெயர்ப்பில் வாசித்தார். நாலு நூற்றாண்டுக்கு முந்திய மனுசன்; நம் காத்தான்குடி மத்ரசாப் பிள்ளைகளைப் போலக் குர்ஆனை மனனம் செய்தவர். அவருடைய பாட்டு கோதேயைச் சும்மா இருக்க விடவில்லை. பதிலுக்குத் தானும் எழுதினார். 1819இல் அது ஒரு முழுப் புத்தகமாக வந்தது. கல்லை வெட்டியது அதற்கெல்லாம் எவ்வளவோ காலம் பிந்தி.

நாம் செய்வது தலைகீழ். முதலில் சிலை, பொன்னாடை, பேச்சு. வாசிப்பு கடைசிவரை வருவதேயில்லை. வாசிக்காத கவிஞனுக்குச் சிலை வைப்பது அவனை அவமதிப்பது. கோபமாகத்தான் சொல்கிறேன்.

ஷேக்ஸ்பியர் என்றீர். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இலேயே அவருக்குப் பதில் எழுதிவிட்டார். மதங்கசூளாமணி கேள்விப்பட்டிருக்கிறீரா? ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை நம் பழைய நாடக இலக்கணத்தோடும் சுவைகளோடும் வைத்துப் பார்த்த நூல். எனக்கு அதைக் காட்டியவர் கல்லடியில் இருந்த ஓர் ஆங்கில ஆசிரியர். மேசையில் ஒரு பக்கம் ஷேக்ஸ்பியர், மறுபக்கம் அட்டை கழன்ற மதங்கசூளாமணி. இடதுகை விரல் ஆங்கில வரியில், வலதுகை விரல் தமிழ் வரியில். ஆங்கிலத்தை வாசித்து நிறுத்துவார். "இப்ப அடிகளார் என்ன சொல்றார், பாரும்" என்று தமிழுக்கு வருவார். தமிழ் வரி தளர்ந்த இடம் வந்தால் அடிகளாரோடேயே சண்டை பிடிப்பார். அப்படிச் சண்டை பிடிக்க எவ்வளவு அன்பு வேண்டும்!

அடிகளாரின் சமாதி அதே கல்லடியில்தான் இருக்கிறது. பூ வைக்கிறோம், கும்பிடுகிறோம். அந்த நூலை முழுதாக வாசித்தவர்கள் எத்தனை பேர்? என்னால் ஆற மாட்டாமல் இருப்பது இதுதான்.

சேர்க்கிற காசில் மதங்கசூளாமணியை அச்சடித்து ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுங்கள். நீர் ஜேர்மன் மொழியில் படித்தவர். கோதே ஹாபிஸுக்கு எழுதிய அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு கவிதையைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்பும். பிழை இருந்தால் இருக்கட்டும், சேர்ந்து திருத்துவோம். தாகூரைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.