மணலி சுத்திகரிப்பு ஆலையால் எண்ணூர் மக்களுக்கு அப்படி என்ன பாதிப்பு?

"பெட்ரோல் வேண்டும், வேலை வேண்டும், அப்புறம் ஏன் புகார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையும் வந்தது, மறுக்கவில்லை. 1969 முதல் மணலியில் ஓடும் ஆலை இன்று ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. லாபம் நாடு முழுக்கப் போகிறது, கழிவு மட்டும் இங்கேயே தங்குகிறது, என் கோபமே அதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து, கொசஸ்தலை ஆற்றில் கலந்து, முகத்துவாரம் வரை பரவியது. எண்ணூரின் மீனவக் கிராமமான காட்டுக்குப்பத்தில் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் தார் பூசியது மாதிரி கறுப்பு. கழுவினால் போகாது, வலையைத் தூக்கி எறிய வேண்டியதுதான். மீனவர்களே படகில் போய் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள்.

அரசு பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும் படகுக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது. சரி, ஒரு வலைக்கே அது போதுமா? மீன் சுத்தமாக இருந்தாலும் 'எண்ணூர் மீனா?' என்று கேட்டுவிட்டு ஆள் நகர்ந்துவிட்டால், கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு அன்றைய நஷ்டத்தை யார் தருவார்கள்? பாதிப்பு அதோடு நிற்காது: முகத்துவாரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேல் நீட்டும் வேர்களால்தான் மூச்சு விடும், அதில் எண்ணெய் படிந்தால் மரம் திணறும். இறால் குஞ்சுகள் வளர்வதும் அந்த வேர்களுக்கு நடுவில்தான், அதனால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் பிடிப்பு குறையும்.