கூடையை யார் கையில் கொடுத்தார்கள்?

கேள்வி: ‘சுயசேவைக் கடைகள் வந்த பிறகுதான் வாங்குகிறவருக்குச் சுதந்திரம் கிடைத்தது. பிடித்ததை நாமே எடுக்கலாம், கடைக்காரர் தயவு வேண்டாம்’ என்கிறார் எங்கள் பேராசிரியர். ஒப்புக்கொள்கிறீர்களா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பாதிதான். சுதந்திரம் கிடைத்தது நிஜம். அதைக் கொடுப்பதற்காகவே கடையை மாற்றினார்கள் என்பது விளம்பரப் பேச்சு.

1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் ‘பிக்லி விக்லி’ என்ற சுயசேவை மளிகைக் கடையைத் திறந்தார். அதுவரை நாம் பட்டியலைச் சொல்ல வேண்டும், கடைப்பையன் ஓடி ஓடி எடுத்து வந்து எடை போட்டுக் கட்டித் தருவான். அந்தப் பையனின் கூலியை மிச்சப்படுத்துவதுதான் சாண்டர்ஸின் யோசனை. மறுவருடம் அவர் வாங்கிய காப்புரிமையின் வரைபடத்தைப் பாருங்கள்: உள்ளே நுழைந்தால் எல்லா அலமாரிகளையும் கடந்துதான் கல்லாவுக்கு வந்து சேர முடியும். எடுப்பது உங்கள் இஷ்டம், நடப்பது அவர் போட்ட பாதையில்!

பிரிட்டனில் சுயசேவை நுழைந்தது போர்க்காலத்தில். ஆட்கள் போருக்குப் போய்விட, 1942இல் லண்டன் கூட்டுறவுச் சங்கம் ராம்ஃபோர்டு கடையில் இதைச் சோதித்துப் பார்த்தது. அங்கேயும் காரணம் சுதந்திரமல்ல, ஆள் பற்றாக்குறை. 1950இல் செயின்ஸ்பரி என்ற மளிகைக் கடை நிறுவனம் லண்டனை ஒட்டிய கிராய்டனில் தன் பழைய கடையைச் சுயசேவைக்கு மாற்றியது. கூடையைக் கொடுத்து வரவேற்ற, நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஆலன் செயின்ஸ்பரி மீதே ஒரு பெண்மணி அதை வீசியெறிந்ததாக ஒரு கதை உண்டு. எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்கும். கடைப்பையனின் வேலை சம்பளமில்லாமல் தன் தலையில் விழுவதை அவர் உடனே கண்டுகொண்டார்.

சரி, பிறகு ஏன் லட்சக்கணக்கான பெண்கள் கூடையை விரும்பியே எடுத்தார்கள்? பழைய செயின்ஸ்பரி கடையில் வெண்ணெய்க்கு ஒரு வரிசை, பன்றி இறைச்சிக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக நிற்க வேண்டும். அதைவிட முக்கியமானது மானம். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது ‘இருப்பதிலேயே மலிவானது எது?’ என்று கேட்பது எத்தனை சங்கடம்! அலமாரிக்கு முன்னால் விலையைப் பார்க்கலாம், எடுக்கலாம், கட்டாதென்றால் திரும்ப வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. உங்கள் பேராசிரியர் சொல்லும் சுதந்திரம் இதுதான் என்றால் முழு மனதோடு தலையாட்டுகிறேன். அமெரிக்காவில் விலையும் குறைந்தது. 1930இல் மைக்கேல் கல்லன் நியூயார்க்கில் திறந்த ‘கிங் கல்லன்’ என்ற பெரிய சுயசேவைக் கடை பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் ஓடியதற்கு அந்த மலிவு விலையே காரணம்.

ஆனால் தயவு போனபோது கூடவே போனவையும் உண்டு. சீஸைத் துண்டு போடவும் சர்க்கரையை நிறுத்துக் கட்டவும் ஆளில்லை என்றதும் எல்லாம் முன்கூட்டியே பாக்கெட்டுக்குள் புகுந்தது. எவ்வளவு வாங்குவது என்பதைப் பாக்கெட் செய்தவர் முடிவு செய்தார். ‘எது நன்றாயிருக்கும்?’ என்று கேட்டால் கடைக்காரர் சொல்லும் பதிலின் இடத்தில் பாக்கெட்டின் படமும் வண்ணமும் வந்து நின்றன. கடைக்காரராவது பொய் சொன்னால் மறுநாள் போய்ச் சண்டை போடலாம்.

அப்புறம், கடன். முகம் தெரிந்தவர் என்று கணக்கில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்தவர் அந்தப் பழைய கடைக்காரர். பிக்லி விக்லியில் ரொக்கம் மட்டும்தான். சம்பளத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கையில் காசில்லாதவருக்கு அந்த அலமாரிகள் என்ன சுதந்திரம் கொடுத்தன என்று உங்கள் பேராசிரியரிடம் கேட்டு எழுதுங்களேன்.