கேள்வி–பதில்: ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல்

இந்தோனேசியாவின் தேசியப் பள்ளிவாசலை வடிவமைத்தவர் ஒரு கிறிஸ்தவர் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், காயல்பட்டினம்

உண்மைதான். அவர் பெயர் ஃபிரெட்ரிக் சிலாபன். வடக்கு சுமத்ராவில் 1912இல் பிறந்த பத்தாக் இனத்தவர், புராட்டஸ்டண்ட் குடும்பம். 1955இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் அவருடைய வரைபடம் முதலிடம் பெற்றது. நடுவர் குழுவுக்கு அதிபர் சுகர்ணோவே தலைமை தாங்கினார். கட்டட வடிவமைப்பில் தேர்ந்த ஆர்வம் உள்ளவர் என்பதால் சுகர்ணோ அதைப் பெயரளவுப் பதவியாக வைத்துக்கொள்ளவில்லை.

எங்கே கட்டுவது என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. துணை அதிபர் ஹட்டா, மக்கள் குடியிருப்புகள் சூழ்ந்த தம்ரின் சாலைப் பகுதியை விரும்பினார். சுகர்ணோ, டச்சுக்காரர்களின் பழைய கோட்டை இருந்த வில்ஹெல்மினா பூங்காவைத் தேர்ந்தெடுத்தார். கத்தோலிக்கப் பேராலயம் அதற்கு நேர் எதிரே இருக்கிறது.

அடிக்கல் நாட்டியது 1961, திறந்தது 1978. ஒரு கட்டடத்துக்கு இத்தனை ஆண்டுகளா?
– வாசகி, திருச்சி

1961 ஆகஸ்ட் 24 அன்று, நபிகள் பிறந்த மீலாது நாளில், அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியது. 1965இல் வெடித்த அரசியல் கொந்தளிப்பில் வேலை ஏறக்குறைய நின்றேபோனது. சுகர்ணோ ஆட்சியை இழந்தார். 1978 பிப்ரவரி 22 அன்று திறந்துவைத்தவர் அடுத்த அதிபர் சுஹார்த்தோ. நடுவில் ஆட்சியே மாறியும் சிலாபனின் அடிப்படை வடிவம் மாறவில்லை.

குவிமாடம் 45 மீட்டர், மினாரா என்னும் கோபுரம் 66.66 மீட்டர் என்ற அளவுகளுக்குப் பொருள் உண்டா? குர்ஆனில் 6,666 வசனங்கள் இல்லையே?
– வாசகர், கீழக்கரை

உண்டு. பெரிய குவிமாடத்தின் விட்டமான 45 மீட்டர், விடுதலை அறிவித்த 1945ஐக் குறிக்கிறது. முகப்புக் கட்டடத்தின் சிறிய குவிமாடத்தின் 8 மீட்டர் விட்டம், எட்டாவது மாதமான ஆகஸ்டைக் குறிக்கிறது. பெரிய குவிமாடத்தைத் தாங்கும் 12 தூண்கள் மீலாது நாளான ரபீவுல் அவ்வல் 12ஐயும், மினாராவின் உச்சியில் நிற்கும் 30 மீட்டர் எஃகுக் கூம்பு குர்ஆனின் 30 ஜுஸ்வுகளையும் (பாகங்களையும்) குறிக்கின்றன. மினாரா ஒன்றே ஒன்று என்பது, இறைவன் ஒருவனே என்னும் ஏகத்துவத்துக்கு.

வசனக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. இன்று பரவலாக அச்சிடப்படும் குர்ஆன் பிரதிகளில் 6,236 வசனங்கள். 6,666 என்பது மக்களிடையே நெடுங்காலம் வழங்கிய எண்ணிக்கை. அதையே மினாராவின் உயரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் புதிதாகக் கட்டும் பள்ளிவாசல்கள் எல்லாம் கண்ணாடியும் ஏசியுமாக இருக்கின்றன. அவ்வளவு பெரிய மண்டபத்தில் வெக்கையை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– வாசகர், மதுரை

இஸ்திக்லாலின் அளவுகளைவிட இதைத்தான் நம் ஜமாஅத்துகள் கவனிக்க வேண்டும்.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 6 பாகையில் உள்ள ஜகார்த்தாவில் ஆண்டு முழுக்கப் புழுக்கம்தான். அதனால் சிலாபன் தொழுகை மண்டபத்தைத் தரையிலிருந்து ஒரு மாடி உயர்த்தினார். சிலிவுங் ஆறு வளாகத்தை ஒட்டியே ஓடுவதால் அந்த உயரம் வெள்ளத்துக்கும் பாதுகாப்பு. தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும் இடமும் அலுவலகங்களும் கீழே. மண்டபத்தின் பக்கங்களில் முழுச்சுவருக்குப் பதில் துளையிட்ட உலோகத் தட்டிகள், அதற்கு வெளியே அகன்ற தாழ்வாரம். வெயிலும் சாரலும் தாழ்வாரத்தோடு நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும். சூடான காற்று மேலே குவிமாடத்துக்குப் போய்விடும்.

உங்கள் ஊரில் இதைச் செய்யும்போது மூன்று இடங்களில் தவறு நேர்கிறது. முதலாவது, காற்று வரும் பக்கம் திறப்பு வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் சுவர் எழுப்பிவிடுவார்கள். வெளியேற வழியில்லாத காற்று உள்ளே வராது, இரண்டு பக்கமும் திறப்பு வேண்டும். இரண்டாவது, தாழ்வாரத்தின் அகலம். சாரல் 45 பாகைச் சாய்வில் அடித்தால், 3 மீட்டர் உயரத் திறப்பைக் காக்க 3 மீட்டர் தாழ்வாரம் தேவை. ஒன்றரை மீட்டர் போட்டால் பாதி நனையும், பிறகு கண்ணாடி போட்டு அடைப்பார்கள், அப்புறம் ஏசி இல்லாமல் நிற்க முடியாது. மூன்றாவது, ஒலி. குவிமாடமும் சலவைக்கல்லும் குரலைத் திருப்பி அடிக்கும். ஒலி 34 மீட்டர் கடக்க 0.1 விநாடி ஆகும். பின்வரிசை ஒலிபெருக்கிக்குத் தூரத்துக்கேற்பத் தாமதம் வைக்காவிட்டால் இமாமின் குரல் இரண்டு முறை கேட்கும். ஓதுவது புரியாத மண்டபம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

சிலாபன் சலவைக்கல்லையும் எவர்சில்வர் தகட்டையும் தாராளமாகப் பயன்படுத்தினார். வெள்ளையடிக்கும் வேலை கிடையாது, துருப்பிடிக்காது. முதலில் செலவு அதிகம்தான், ஆனால் பராமரிப்புப் பணத்துக்கு ஆண்டுதோறும் கையேந்தும் பள்ளிவாசலுக்கு அது நல்ல கணக்கு.

இரண்டு லட்சம் பேர் தொழலாம் என்பது நம்பக்கூடியதா?
– வாசகர், நாகூர்

மண்டபத்துக்குள் மட்டும் என்றால் முடியாது. ஒருவர் ஸஃபில் (வரிசையில்) நின்று, நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்ய 60 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் நீளமும், அதாவது 0.72 சதுர மீட்டர், வேண்டும். 45 மீட்டர் குவிமாடத்தின் நேர் கீழே சுமார் 1,590 சதுர மீட்டர். அங்கே ஏறத்தாழ 2,200 பேர்தான் நிற்கலாம். தூண்களுக்கு அப்பாலுள்ள தரை, நான்கு அடுக்கு மாடங்கள், தாழ்வாரங்கள், முற்றம் எல்லாம் சேர்ந்துதான் பழைய 1,20,000 என்ற எண்ணிக்கையும் இப்போது சொல்லும் 2,00,000மும் வருகின்றன.

ஜாவாவின் அடுக்குக் கூரையை ஏன் விட்டார்கள்?
– வாசகி, கோலாலம்பூர்

புதிய நாட்டின் பள்ளிவாசல் புதிய பொருள்களில் நிற்க வேண்டும் என்பது சுகர்ணோவின் எண்ணம். ஜாவாவின் தெமாக் ஊர்ப் பள்ளிவாசலின் மூன்றடுக்கு மரக்கூரையைப் பின்னாளில் சுஹார்த்தோவின் அறக்கட்டளை கையில் எடுத்து, அதே சாயலில் நாடெங்கும் 999 பள்ளிவாசல்களைக் கட்டியது. பழைய ஜாவா வழக்கத்தில் இஸ்திக்லாலில் தங்கியது பெதுக் என்னும் பெருமுரசு. நம் பள்ளிவாசல்களில் முழங்கிய நகராவுக்கு அது உறவு.

முஸ்லிம் அல்லாதவர்கள் போய்ப் பார்க்கலாமா?
– வாசகர், சென்னை

பார்க்கலாம். தொழுகை வேளைகளையும் வெள்ளி நண்பகலையும் தவிர்த்துப் போங்கள். கை கால் மூடிய உடை வேண்டும், காலணியைக் கழற்றிவிட வேண்டும். மாடத்தில் நின்று பார்த்தால் மண்டபம் முழுதும் தெரியும். வெளியே வந்ததும் முற்றத்தைக் கவனியுங்கள். மண்டபம் மேற்கிலிருந்து வடக்காக 25 பாகை திரும்பி, மக்காவின் திசையான கிப்லாவை நோக்க, முற்றமோ தேசிய நினைவுத் தூணை நோக்கிச் சாய்ந்திருக்கும். எதிரே உள்ள பேராலயத்துக்குச் சாலையைக் கடக்காமலே போக, 2024இல் திறந்துவைத்த சுரங்கப் பாதை இருக்கிறது.