ஈர நெல்லில் பிறந்த கல்லூரி

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள். தஞ்சாவூர் நிப்டெமில் (தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம்) உணவுத் தொழில்நுட்பம் படிக்க ஆசைப்படுகிறாள். "சமையல் படிக்க பி.டெக்.கா? அதுவும் அடிக்கடி பெயர் மாறுகிற கல்லூரியிலா?" என்கிறார்கள் உறவினர்கள். நம்பிச் சேர்க்கலாமா?
- வாசகர் ஒருவர், வலங்கைமான்

பதில்: உங்கள் உறவினர்களின் வீட்டில் வேகும் புழுங்கலரிசியிலிருந்தே தொடங்கலாம். ஒரு காலத்தில் ஆலைகளில் நெல்லை ஒன்றிரண்டு நாள், சில இடங்களில் மூன்று நாள்கூட, பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். தண்ணீர் புளித்து, அந்த வாடை சோற்றிலும் ஏறும். திருவாரூரில் இதற்கு வேறு வழி கண்டார்கள். 85 முதல் 90 டிகிரி வெந்நீரில் 40 நிமிடம் ஊறல், பிறகு அழுத்தத்தில் 18 நிமிடம் நீராவி. மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். புளிக்க நேரமே இல்லாததால் வாடையும் இல்லை.

அதைச் செய்த ஆய்வுக்கூடம்தான் இன்றைய நிப்டெம். 1967ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் தொடங்கியது. காரணம் ஈர நெல். ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்து குறுவைச் சாகுபடி பெருகிய காலம் அது. அறுப்போ ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். 22, 25 சதவீத ஈரத்தோடு குவித்த நெல் உள்ளே சூடேறி, பூசணம் பிடித்து, அரிசி பழுப்பேறும்; முளையும் விடும். கொள்முதல் நிலையத்தில் கேட்பதோ 17 சதவீதம். 100 கிலோ நெல்லை 22லிருந்து 17க்குக் கொண்டுவர ஏறக்குறைய 6 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். அவசரப்பட்டுக் கடும் சூட்டில் காயவைத்தால் மேல்புறம் முந்திக் காய்ந்து அரிசிக்குள் விரிசல் விழும். அரைவையில் நொய்யாகக் கொட்டும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், நடுவில் எத்தனை மணி ஆறவிடுவது என்று கணக்குப் போடுவது பொறியியல். இதைச் சமையல் என்பவர் ஒரு முறை ஆலைக்குள் போய்ப் பார்க்கட்டும்.

பெயர் மாறியது உண்மை. 1972ல் மத்திய அரசு ஏற்றபோது நெல் பதன ஆராய்ச்சி மையம். தஞ்சைக்கு வந்து, மற்றப் பயிர்களும் சேர்ந்தபோது பயிர் பதனத் தொழில்நுட்பக் கழகம். 2017ல் 'பயிர்' போய் 'உணவு' வந்தது. 2021ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிப்டெம் என்ற பெயரோடு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. நெல்லிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து உணவுக்கு என்று வேலை விரிந்த வரிசையில்தான் பெயரும் மாறியிருக்கிறது. பி.டெக். வகுப்புகள் வந்ததே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த பிறகு. கட்டடம் கட்டிவிட்டுப் பாடம் தேடிய கல்லூரி அல்ல இது. தாராளமாகச் சேருங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். பி.டெக். சேர்க்கை ஜே.இ.இ. மெயின் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வை வைத்துத்தான். அதில் கணிதமும் உண்டு. உணவு என்றதும் கணிதம் இல்லாத உயிரியல் பிரிவில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு தவிக்கும் பெற்றோர் உண்டு. இப்போது பிளஸ் ஒன் விண்ணப்பம் எழுதும்போதே கணிதம் உள்ள பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.